முன்னாள் அமைச்சர் பேச வருகிறார், போகலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய வாசகர் வட்டம் எங்களுடையது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, தேர்தல் அரசியலிலிருந்து ஒதுங்கிவிட்ட ஒருவரை அழைத்துப் பேச வைக்கிறோம். முன்னாள் அமைச்சர் வந்திருக்கிறார், முன்னாள் எம்.எல்.ஏ.க்கள் வந்திருக்கிறார்கள், ஒன்றியக் குழுத் தலைவராக இருந்த ஓர் அம்மாவும் வந்திருக்கிறார். கிருஷ்ணகிரி நண்பர்கள் அவர்கள் ஊரில் நடத்தும்போது நாங்கள் அங்கே போய் நாற்காலி போடுவோம். அறிவிப்பு வாட்ஸ்அப்பில் போனதும் போன் அடிக்க ஆரம்பிக்கும். பேசுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது கட்சிக் கூட்டமா?

இல்லை. கொடி கட்டுவதில்லை, துண்டு போடுவதில்லை, யாருக்கும் ஓட்டுக் கேட்பதில்லை. பேச வருகிறவர் ஏதோ ஒரு கட்சியில் இருந்தவர்தான், அந்தப் பாசம் பேச்சில் வரத்தான் செய்யும். அது இயல்பு. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் கூட்டத்தைத் தள்ளி வைத்துவிடுவோம். அந்த நேரத்தில் யார் எதைப் பேசினாலும் ஓட்டுக் கணக்காகவே காதில் விழும். கேட்கிறவருக்கும் பயன் இல்லை, பேசுகிறவருக்கும் பயன் இல்லை.

பதவியே இல்லாதவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. ஒரு முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை முழுசாகச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அந்த அறையில் இருந்தவர் மட்டும்தான். அரசாணையில் முடிவு இருக்கும். அதற்கு முன்னால் நடந்த சண்டை இருக்காது. பதவியில் இருக்கும்போது அவரால் அதைச் சொல்ல முடியாது. விலகிய பிறகு சொல்லலாம், சிலர் சொல்லவும் செய்கிறார்கள்.

ஒரு பழைய உதாரணம் பாருங்கள். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878ல் பிறந்த ராஜாஜி, 1937ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சர் பதவிக்கு அப்போது அதுதான் பெயர். அந்த ஆண்டே மதுவிலக்கைக் கொண்டு வந்தார். முதலில் அமலான இடம் சேலம் மாவட்டம். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்துக்குள்தான் இருந்தன. ஆக, நம் தாத்தாக்கள் ஊரில்தான் கள்ளுக்கடை முதலில் மூடியது. கள், சாராய வருமானம் நின்றால் அரசாங்கம் எதை வைத்து நடக்கும்? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று, 1939ல் அதே அரசு கொண்டு வந்த பொது விற்பனை வரி. மதுவிலக்கை ஒரு பாடமாகவும் விற்பனை வரியை வேறொரு பாடமாகவும் படித்தவர்களுக்கு இந்த முடிச்சு தெரியாது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து யோசித்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஒகேனக்கலுக்கு வருவோம். நம் இரண்டு மாவட்டத்துக்குமான கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். சில வாரங்களிலேயே கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அங்கே தேர்தல் முடியும் வரை வேலையை நிறுத்தி வைப்பதாக ஏப்ரலில் அவரே அறிவித்தார். ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் வேலை நடந்து, 2013 மே மாதம் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒரு குழாய்க்கு இரண்டு ஆட்சி, இரண்டு மாநிலம், ஒரு வெளிநாட்டுக் கடன். இன்று குழாயைத் திறந்து குடம் வைக்கிற நமக்கு அதன் பின்னால் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று தெரியாது. பேசியவர்களில் பலர் இன்று வயதானவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கூட்டங்களை நாங்கள் நடத்துவதற்கு ஒரே காரணம்.

பெரிய பதவியில் இருந்தவர் வந்தால் வருகிறேன். ஒன்றியத் தலைவர் பேச்சுக்கெல்லாம் வர வேண்டுமா?

அதற்குத்தான் முதலில் வர வேண்டும் என்பேன். அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993ல் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ல் வந்தது, 1996ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலில் ஒதுக்கீட்டால் உள்ளே வந்த பெண்கள் பலர், அதுவரை ஒன்றிய அலுவலகப் படியே ஏறாதவர்கள். எங்களிடம் பேச வந்த அம்மா, முதல் மூன்று மாதம் தீர்மானப் புத்தகத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்பதைக்கூடக் கணவரைக் கேட்டுத்தான் போட்டதாகச் சொன்னார். அப்புறம் ஒரு நாள் அவரை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானே கூட்டம் நடத்தினாராம். ஒரு சாலைக்குப் பணம் எப்படி வருகிறது, எங்கே கரைகிறது என்று அவர் சொன்ன அளவுக்கு எந்த அமைச்சரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

யூடியூபில் இவர்கள் பேட்டி நிறைய இருக்கிறதே?

இருக்கிறது, பாருங்கள். ஆனால் பேட்டி எடுப்பவர் சென்னையில் இருப்பார், அவர் கேட்பது சென்னைக் கேள்வி. கூட்டணி எப்படி உடைந்தது என்று கேட்பார். பஞ்சப்பள்ளி அணைத் தண்ணீர் எந்த ஏரி வரைக்கும் வர வேண்டியது, ஏன் வரவில்லை என்று அவர் கேட்க மாட்டார். அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மேடைப் பேச்சுக்கு விலை கொடுத்த ஊர் இது. பாப்பாரப்பட்டியில் அடங்கியிருக்கும் சுப்பிரமணிய சிவா 1908ல் சிறைக்குப் போனது மேடையில் பேசியதற்காக. சிறையில் தொற்றிய நோயோடு வெளியே வந்தார். அப்புறமும் ஊர் ஊராகப் பேசுவதை விடவில்லை. 1925 ஜூலையில் பாப்பாரப்பட்டியில்தான் உயிர் பிரிந்தது. அங்கே அவருடைய நினைவிடம் இருக்கிறது. இந்தப் பக்கம் வருகிற பேச்சாளர்களை முடிந்தால் அங்கே கூட்டிக்கொண்டு போகிறோம். அங்கே போய்விட்டு வந்து பேசுகிறவரின் குரல் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது.

கட்டணம் உண்டா? முன்பதிவு?

இரண்டும் இல்லை. நாற்காலி தீர்ந்தால் பாய் விரிப்போம்.

ஆறு மணி என்று போட்டால் எத்தனை மணிக்குத் தொடங்கும்?

ஆறேகாலுக்கு. வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை என்று ஆறு பேர் பேசி, சிறப்பு விருந்தினர் கைக்கு மைக் வரும்போது எட்டு மணியாகி, சனம் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போகிற கூட்டங்களை நாங்களும் நிறையப் பார்த்திருக்கிறோம். அரூருக்கும் பென்னாகரத்துக்கும் போக வேண்டியவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்? அதனால் வரவேற்பு இரண்டு நிமிடம், பேச்சு ஐம்பது நிமிடம், மீதி நேரம் முழுக்கக் கேள்விகளுக்கு. எட்டு மணிக்கு முடித்துவிடுவோம். வேறு இடத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால், அழைப்பிதழில் வாழ்த்துரை எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

போவதற்கு முன் ஏதாவது படிக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை, ஆனால் அரை மணி நேரம் செலவிட்டால் பலன் நிறைய. பேச வருகிறவர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ன பதவியில் இருந்தார் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில், அந்த ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் நடந்ததை எழுதுங்கள். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2ல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9ல். கிருஷ்ணகிரி அணையைக் காமராஜர் திறந்தது 1957ல். அதே அணையின் மதகு உடைந்து தண்ணீர் ஆற்றில் போனது 2017ல். இப்படி இரண்டு பத்தியாக எழுதி வைத்தாலே கேள்வி தானாக வந்துவிடும். அவர் பதவியில் இருந்த ஆண்டில் நடந்த ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். அவர் இல்லாத ஆண்டைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்வதும் நம்மைப் போலச் செய்தித்தாளில் படித்த விஷயமாகத்தான் இருக்கும்.

சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் என்றால் அவர் சபையில் பேசியது அச்சில் இருக்கிறது. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். மானியக் கோரிக்கை விவாதங்களில் தேடிப் பாருங்கள். நம் தொகுதிப் பெயர் வருகிற பக்கம் கிடைத்தால் பிரதி எடுத்துக் கொண்டு வாருங்கள். ஒரு முறை ஒரு கல்லூரி மாணவி அப்படி ஒரு பக்கத்தை எடுத்து வந்து, நீங்கள் இப்படிப் பேசியிருக்கிறீர்கள் ஐயா என்று நீட்டினார். முப்பது ஆண்டுக்கு முன் தான் பேசியதை அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அன்றைக்குத் தயாரித்து வந்த பேச்சை மடித்து வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்.

எனக்கு மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. கேள்வியை எப்படிக் கேட்பது?

எழுதி வைத்துப் படியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே கேள்வி, ஒரு நிமிடத்துக்குள். உங்கள் பெயர், ஊர் சொன்னால் போதும். அவரைப் பாராட்டித் தொடங்கினால் அந்த நிமிடம் போய்விடும்.

மைக்கை விடக் கேள்வியின் அளவுதான் முக்கியம். “நம் மாவட்டம் ஏன் பின்தங்கியிருக்கிறது?” என்று கேட்டால், மண்ணில் தொடங்கி மத்திய அரசு வரைக்கும் இருபது நிமிடம் பதில் வரும், கையில் ஒன்றும் நிற்காது. அதே ஆதங்கத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “எழுபதுகளில் சிப்காட் ஓசூருக்கு வந்தது. அப்போது தருமபுரிப் பக்கமும் ஒன்று வேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா? என்ன பதில் வந்தது?” இதற்கு ஆமாம் அல்லது இல்லை என்றுதான் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டால் மீதி வந்துவிடும்.

எம்.பி.யாக இருந்தவர் என்றால்: “கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம், ஆனால் ஊரில் ரயில் நிலையம் இல்லை. இதை நீங்கள் சபையில் எத்தனை முறை எழுப்பினீர்கள்? ரயில்வே எழுத்தில் தந்த காரணம் என்ன?” மொரப்பூர் தருமபுரி பாதை பற்றியும் இதே மாதிரி கேட்கலாம். மா விவசாயிகள் கேட்கும் விலைக் கேள்வியும் உண்டு. பெங்களூரா மாங்காய்க்குக் கூழ் ஆலை என்ன விலை கொடுக்கும் என்பதில் ஆண்டுதோறும் பிரச்சினை. “விலை ஏன் இறங்குகிறது?” என்பதை விட, “நீங்கள் இருந்தபோது நடந்த முத்தரப்புக் கூட்டத்தில் விவசாயி சார்பில் உட்கார்ந்தது யார், அவரைத் தேர்ந்தெடுத்தது யார்?” என்பது நல்ல கேள்வி. யார், எப்போது, எந்த அறையில் என்று கேளுங்கள். ஏன் என்பது அதற்குள்ளேயே வந்துவிடும்.

வயதில் பெரியவர். எதிர்த்துக் கேட்டால் மரியாதைக் குறைவு ஆகாதா?

அதியமான் ஆண்ட தகடூர் இது. அவன் பரிசில் தரத் தாமதம் செய்தபோது அவ்வையார் வாயிற்காவலனைக் கூப்பிட்டு, உன் தலைவனுக்குத் தன்னையே தெரியாதா, என்னைத் தெரியாதா, எந்தத் திசையில் போனாலும் எங்களுக்குச் சோறு கிடைக்கும் என்று பாடிவிட்டார். அந்த நட்பு அதனால் முறியவில்லை. பெரியவரிடம் நேராகக் கேட்பது நம் ஊருக்குப் புதிது இல்லை.

நான் மறக்காத ஒரு கேள்வியைச் சொல்கிறேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர், ஐம்பது வயது இருக்கும், மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றார். உதட்டைத் தூக்கித் தன் பல்லைக் காட்டினார். காவி படிந்து, குழி விழுந்த பல். நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருக்கிற பல்தான். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கிற தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் வருவது. “நீங்க எம்.எல்.ஏ.வா இருந்தப்ப இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா சார்?” என்று மட்டும் கேட்டார். அரங்கில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

பேச்சாளருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தெரியும் என்றார். கிணறு வற்றியதும் மக்கள் ஆழ்துளைக் கிணறு கேட்டார்கள், நானும் போட்டுக் கொடுத்தேன், ஆழம் போகப் போகப் பாறைத் தண்ணீரில் இது கூடும் என்று பொறியாளர் சொன்னார், ஆனால் போர் போட்டால் மறுநாளே தண்ணீர் வரும், ஊரே மாலை போடும், ஆற்றுத் தண்ணீர் கொண்டு வருவதற்குப் பதினைந்து ஆண்டு ஆகும், அதனால் நான் போரைத் தேர்ந்தெடுத்தேன் என்றார். இதுதான் அவர் சொன்னதன் சாரம். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. பெரியவர் அவமானப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தன்னை இவ்வளவு நேராக ஒருவர் கேட்டுவிட்டாரே என்கிற நிம்மதிகூட அவர் முகத்தில் இருந்தது.

எப்படிக் கூப்பிட வேண்டும்? “தலைவரே” என்றா?

ஐயா, அம்மா போதும். சார், மேடம் என்றாலும் சரி. கட்சிக்காரர்கள் பழக்கத்தில் அண்ணன் என்று சொல்வார்கள், அதைத் தடுப்பதில்லை. பட்டப் பெயர் மட்டும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுகிறோம்.

பேச்சில் எதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்?

வினைச்சொல்லை. நல்லது நடந்த இடத்தில் “நான் கொண்டு வந்தேன்” என்று வரும். கொஞ்சம் சங்கடமான இடத்தில் “நாங்கள்” ஆகும். ரொம்பச் சங்கடம் என்றால் ஆளே காணாமல் போய், “முடிவு எடுக்கப்பட்டது”, “கோப்பு திருப்பி அனுப்பப்பட்டது” என்று மாறிவிடும். தமிழில் பேசும்போது நம்மில் யாரும் சாதாரணமாக “சோறு சாப்பிடப்பட்டது” என்று சொல்வதில்லை. அப்படிப் பேச்சு திரும்புகிற இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி நேரத்தில் அமைதியாக, “ஐயா, திருப்பி அனுப்பியது யார்?” என்று கேளுங்கள். நான் இத்தனை ஆண்டில் கேட்ட கேள்விகளில் அதிகம் பலன் தந்தது இதுதான். மேலே சொன்ன பெரியவரின் பதிலில் ஒரு இடத்தில்கூட “போடப்பட்டது” என்று வரவில்லை. போட்டேன் என்றார்.

அவர் சொல்லாமல் விட்ட ஆண்டுகளையும் பாருங்கள். பத்து ஆண்டு பதவியில் இருந்தவர் முதல் மூன்று ஆண்டைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினால், மீதி ஏழு ஆண்டைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

அவர் சொல்வது தவறு என்று எனக்குத் தெரிந்தால்? எழுந்து சொல்லலாமா?

பேச்சுக்கு நடுவில் வேண்டாம். வயதானவர்களுக்கு ஆண்டு குழம்பும், இரண்டு நிகழ்ச்சி ஒன்றாகக் கலந்துவிடும். அது பொய் இல்லை. கேள்வி நேரத்தில் “எனக்குத் தெரிந்து அது 1991 இல்லையா ஐயா?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வேண்டுமென்றே மறைப்பதாகத் தோன்றினால் தாளைத் தேடுங்கள். எந்த ஆண்டு, எந்தத் துறை, முடிந்தால் அரசாணை எண் என்ன என்று அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். துறைகள் ஆண்டுதோறும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பில் திட்டம், தொகை எல்லாம் இருக்கும். அதிலும் இல்லை என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். எங்கள் வட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் இப்படி ஒரு மனுவாவது போடுவதைப் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். சில முறை பெரியவர் சொன்னதே சரி என்று வந்திருக்கிறது, சந்தேகப்பட்டது நாங்கள்தான்.

அவர் எந்த சாதி?

வருத்தத்தோடு இதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு பேராவது போனில் கேட்கிறார்கள். சிலர் சுற்றி வளைத்து “எந்த ஊர்ப் பக்கம், யார் வீட்டுப் பிள்ளை” என்று கேட்பார்கள். இதற்கு நாங்கள் பதில் சொல்வதில்லை. இந்த மாவட்டம் சாதியால் பட்ட காயம் போதும். நம் ஆள் என்று வந்தால் அவர் எதைச் சொன்னாலும் கைதட்டுவோம், நம் ஆள் இல்லை என்றால் அவர் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. ஊற்று வற்றியபோது எல்லாத் தெருவிலும்தான் வற்றியது. தெரியாமல் வந்து உட்காருங்கள், ஒரு மணி நேரம்தானே.

நான் அரசு ஊழியர். வரலாமா?

கட்சி வேலையில் ஈடுபடக் கூடாது, கட்சியில் சேரக் கூடாது என்று அரசு ஊழியர் நடத்தை விதிகள் சொல்கின்றன. ஒரு வாசகர் வட்டத்தில் உட்கார்ந்து உரை கேட்பது அதில் வராது. ஆசிரியர்கள், வருவாய்த் துறையினர் பலர் வருகிறார்கள். ஆனால் மேடையில் ஏற வேண்டாம், தற்போது நடக்கிற அரசின் கொள்கையை விமர்சித்து மைக்கில் பேச வேண்டாம். கேள்வி இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெயர் இல்லாமல் நாங்கள் வாசிக்கிறோம். இதே மாதிரிப் பேச்சு வேறு இடத்தில் நடந்து, அது அப்பட்டமான கட்சி மேடையாக இருந்தால் போகாமல் இருப்பது நல்லது.

குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். பயன்படுமா?

மதிப்பெண்ணுக்கு என்றால் நேரடியாகப் பயன்படாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் உட்கார்ந்து பஞ்சாயத்து ராஜ் பாடத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் தருமபுரியில் நிறைய. கவன ஈர்ப்புத் தீர்மானம் என்றால் என்ன, வெட்டுத் தீர்மானம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அதைக் கொண்டு வந்தவரே, எதற்காகக் கொண்டு வந்தேன், சபாநாயகர் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும்போது அந்தச் சொல் மனதில் தங்கிவிடும். நாளைக்கு வேலைக்குப் போய் ஒரு மேசையில் உட்காரும்போது அது உதவும்.

மனு கொண்டு வரலாமா? பட்டா விஷயம் ஒன்று நிலுவையில் இருக்கிறது.

வேண்டாம். அவரிடம் இப்போது அதிகாரம் இல்லை, பரிந்துரைக் கடிதம் கேட்டு நெருக்கினால் அவருக்கும் தர்மசங்கடம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது, மனுவை அங்கே கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊர்ப் பொது விஷயம் என்றால் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எந்த அதிகாரியிடம் போக வேண்டும், எந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்று பேச்சாளரிடம் வழி கேட்பது வேறு விஷயம். அதைத் தாராளமாகக் கேட்கலாம். நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

வீட்டில் தெலுங்குதான் பேசுகிறோம். தமிழில் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

கிருஷ்ணகிரி, ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டுமொழியாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். எந்த மொழியில் வருகிறதோ அதில் கேளுங்கள், பக்கத்தில் இருப்பவர் தமிழில் சொல்வார். அந்தப் பக்கம் ஓட்டுக் கேட்டுப் போன பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெலுங்கு வரும். நேராகத் தெலுங்கிலேயே பதில் சொல்லிவிடுவார்கள்.

பெண்கள், பிள்ளைகள் வரலாமா?

வாருங்கள். முதல் இரண்டு கேள்வி பெண்களுக்கு என்று வைத்திருக்கிறோம். அப்படி வைக்காத நாளில் மைக் ஆண்கள் பக்கமே சுற்றி வந்துவிடுகிறது. பிள்ளை அழுதால் வராந்தாவில் நின்று கேட்க அங்கேயும் ஒரு ஒலிபெருக்கி உண்டு. நல்லம்பள்ளி, இண்டூர், பாலக்கோடு, காரிமங்கலம் என்று ஒரே பக்கம் போகிறவர்களைச் சேர்த்து அனுப்புகிறோம், வரும்போதே ஊர்ப் பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

போனில் வீடியோ எடுக்கலாமா?

முழுப் பேச்சையும் நாங்கள் பதிவு செய்து, அவர் சம்மதம் வாங்கி வெளியிடுகிறோம். இருபது வினாடி வெட்டி நிலைத்தகவலில் போடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தன் தவறு ஒன்றை முதல் முறையாக வாய்விட்டுச் சொல்ல வருகிற ஒருவர், எதிரே இருபது போன் தூக்கி நிற்பதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார். அப்படி ஒரு முறை நடந்தும் விட்டது. “அந்த டெண்டர் விஷயத்தில்” என்று தொடங்கியவர் முன்வரிசைப் போன்களைப் பார்த்ததும், சரி அது வேண்டாம் என்று தண்ணீர் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். என்ன சொல்ல வந்தார் என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் இப்போது இல்லை.

சால்வை கொண்டு வரலாமா?

வேண்டாம், ஒரு புத்தகம் கொண்டு வாருங்கள். வருகிற புத்தகங்களை அவர் பெயரில் ஊர்ப்புற நூலகம் ஒன்றுக்குக் கொடுத்துவிடுகிறோம். கூட்டம் முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சுற்றி நெருக்காதீர்கள், ஒரு மணி நேரம் நின்று பேசிய கால் அது. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஒவ்வொருவராக வாருங்கள்.

என் கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. என்ன செய்வது?

இரண்டாவது முறை அதே சொற்களில், குரலை உயர்த்தாமல் கேளுங்கள். மூன்றாவது முறை வேண்டாம். பதில் சொல்ல மறுத்ததையும் நாங்கள் கூட்டக் குறிப்பில் எழுதி வைக்கிறோம், கேள்வி உங்கள் பெயரில் பதிவாகும்.

பிறகு ஒரு கடிதம் எழுதுங்கள். போன் செய்யாதீர்கள், கடிதம். மேடையில் நினைவுக்கு வராதது வீட்டில் வரலாம், நாலு பேர் முன்னால் சொல்ல முடியாததைத் தாளில் எழுத மனம் வரலாம். முகவரியை எங்களிடம் தந்தால் சேர்த்துவிடுகிறோம். இண்டூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், பக்கத்துக் கொட்டாய் (எங்கள் பக்கம் சிற்றூரை இப்படிச் சொல்வோம்) வரைக்கும் வந்த மேல்நிலைத் தொட்டிக் குழாய் தங்கள் கொட்டாய்க்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தார். கூட்டத்தில், ஞாபகம் இல்லை அம்மா என்றுதான் பதில் வந்தது. கடிதம் போட்டார். ஒரு மாதம் கழித்து இரண்டு பக்கத்தில் பதில் வந்தது, கை நடுங்கிய எழுத்தில், அந்த ஆண்டு ஒன்றியத்துக்கு ஒதுக்கிய தொகை, எத்தனை கொட்டாய் பட்டியலில் இருந்தது, யார் சொல்லி எது முதலில் போனது எல்லாம். கடைசி வரியில் அவர்கள் கொட்டாய்க்கு இப்போது தண்ணீர் வருகிறதா என்று கேட்டிருந்தார். அக்கா அதற்குப் பதில் எழுதிப் போட்டிருக்கிறார்: வருகிறது, வாரத்துக்கு இரண்டு நாள்.